சாவி திருப்ப ஓர் ஆள்

சனிக்கிழமை காலை கண்ணாடிக்காரர் எங்கள் வீட்டு மணியை அடித்தபோது, அவர் எதற்கு வந்திருப்பார் என்று கதவைத் திறப்பதற்குள் பலவிதமாக யோசித்துவிட்டேன். சர்க்கரை என்றால் கொடுத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்கலாம். வீட்டுச் சாவி தொலைந்தது என்றால் உட்காரவைத்து நிதானமாகவே கேட்கலாம்.

"அக்கா, கொஞ்சம் கீழ வர முடியுமா? காரு சாவியத் திருப்ப ஒரு ஆள் வேணும்."

இத்தனை நாளாகச் சமையலறை ஜன்னலில் கழுத்து வலிக்க எட்டிப் பார்த்ததைக் கிட்ட வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை.

கண்ணாடிக்காரர் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்க்கிறவர், வாசலில் தன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய் வருஷங்கள் ஆகின்றன. காரணம் அந்தக் கார்தான் என்பது மாடி டீச்சரும் நானும் ஒரு மனதாக எடுத்த முடிவு. மனுஷன் கட்டினவளை விட்டுவிட்டுக் காரைக் கட்டிக்கொண்டால் எவள்தான் இருப்பாள்? டர்போ வைத்த வேகக் கார். மிதித்தால் பறக்குமாம். அவர் அதில் போவது கடைக்கும் வீட்டுக்கும். நடந்தால் அதைவிடச் சீக்கிரம் போய்விடலாம்.

போன மாதம் மகள் போன் பண்ணினாள். கை முழுக்க கிரீஸாக இருக்கும்போது அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அது என் குற்றமில்லை. வேலை கிடைத்திருக்கிறதாம், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில். "என்னைக் கொண்டுபோய் விடுறீங்களாப்பா? மூணு மணி நேரம் ஆகும், பேசிக்கிட்டே போலாம்" என்றாள். அவர் "வண்டியை ரெடி பண்ணிடறேம்மா" என்றார். பிள்ளை பேச்சுத்துணை கேட்கிறாள், இவர் வண்டியைப் பற்றிச் சொல்கிறார்.

அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. அன்று சாயந்திரமே அதன் பின் சீட்டைக் கழற்றி வெளியே போட்டார். சீட்டுக்கு அடியில்தான் டேங்கின் வாய் இருக்கிறது. பழைய பம்பை எடுத்துவிட்டுப் பெரிய பம்ப், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற பெரிய இன்ஜெக்டர், புதுக் குழாய்கள். ஏன் என்று கேட்டால், மேட்டில் முழுசாக மிதித்தால் கொஞ்சம் திணறுகிறதாம்.

கீழே போனதும் என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தார். "முழுசாத் திருப்பிடாதீங்க. ஒரு படி மட்டும். பம்பு ஓடும், எஞ்சின் ஓடக் கூடாது. நான் முன்னால எங்கயாவது ஒழுகுதான்னு பாப்பேன்." ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் முன்னால் குனிந்து பார்க்க வேண்டிய வேலையாம் அது. தனியாகச் செய்தால் சாவியைத் திருப்பிவிட்டு ஓடி வர வேண்டும். வருவதற்குள் பம்ப் நின்றுவிடும். அவர் அப்படி ஓடிக்கொண்டிருந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்து, உடற்பயிற்சி என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன்.

திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். "மறுபடி." திருப்பினேன். டார்ச் வெளிச்சத்தில் அவர் மூக்கு எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எதுக்குத் தம்பி இவ்வளவு?"

"டர்போ காத்தை உள்ள திணிக்கும்க்கா. அதுக்குத் தக்கன பெட்ரோலும் வரணும். பத்தலைன்னா உள்ள சூடேறி எல்லாம் உருகிடும்."

எங்கள் வீட்டில் காற்று முழுக்க என் பக்கத்திலிருந்துதான், வீட்டுக்காரர் பக்கம் டி.வி.யைவிட்டுக் கண்ணெடுக்காமல் 'ம்' என்று ஒரு சொட்டு. ஆனாலும் முப்பது வருஷமாக ஓடுகிறது. அதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன். "முன்னெல்லாம் சாவி யாரு திருப்புவா?"

"அவதான்." துணியால் ஒரு நட்டைத் துடைத்தார். "சத்தத்தை வெச்சே சொல்லிடுவா. பாப்பா பின்னாடி தூங்கிட்டிருக்கும்."

டீச்சரும் நானும் இத்தனை வருஷம் கட்டி வைத்த கதை அப்படியே சரிந்தது. அடுத்த கேள்வி நாக்கு நுனியில்தான் இருந்தது, ஏனோ கேட்கவில்லை. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் மகள் வந்தாள். தெருமுனையில் ஒரு கார் அவளை இறக்கிவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனது. அவர் சரியாகப் பொத்தான் போட்ட சட்டையில் நின்றார். பெட்டியை ஏற்றினார். சாவியைத் திருப்பினார். பம்ப் முனகியது. எஞ்சின் இருமக்கூட இல்லை.

நான் குப்பை கொட்டுகிற சாக்கில் இறங்கிவிட்டேன். பின் சீட்டைத் தூக்கி, டேங்கின் மூடியைத் திறந்து, பம்பை வெளியே எடுத்தார். அதோடு வந்த சின்ன ரப்பர் குழாய் ஊறிப்போய்த் தொளதொளவென்று கழன்று தொங்கியது. புதுப் பம்ப் வாங்கும்போது கொடுத்த குழாயை அளவு தப்பிக் கட்டையாக வெட்டிவிட்டு, வீட்டில் கிடந்த சாதாரணக் குழாயைப் போன வாரம் மாட்டியிருக்கிறார். அது தனக்குள்ளே மட்டும் பெட்ரோல் ஓடினால் தாங்கும். டேங்குக்குள் முழுக்க மூழ்கிக் கிடந்தால் தாங்காதாம்.

"தெரியும்மா எனக்கு. தெரிஞ்சேதான்... ஒரு தடவைக்குத் தாங்கும்னு நெனச்சேன்."

"வண்டி வேகமாப் போகணும்னு நான் கேட்டேனாப்பா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாயந்திரத்துக்குள் விடுதியில் சேர வேண்டும் என்று டாக்ஸிக்குச் சொன்னாள். "நீங்களும் வாங்க."

"டேங்கைத் தெறந்து போட்டுட்டு எப்படிம்மா வர்றது?" மூடியின் ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார். பெட்ரோல் பட்டுப் பெருத்திருந்தது. காய்ந்து சுருங்கினால்தான் பள்ளத்தில் உட்காருமாம். "நீ கிளம்பு. நான் அடுத்த வாரம் வண்டியோட வர்றேன்."

அவள் பெட்டியை இறக்கத் தொடங்கினாள்.

"ஏன் தம்பி, வளையம் காயறதுக்கு நீங்க எதுக்கு? அது என்ன உங்க முகத்தைப் பாத்தாத்தான் காயுமா?" என்றேன். "நான் இருக்கேன். ஒரு பய சிகரெட்டோட இந்தப் பக்கம் வர மாட்டான். வந்தா அவன் ஜாதகமே எங்கிட்ட இருக்கு."

மகள் சிரித்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார். வாடை போகவில்லை.

"என்ன சார், பெட்ரோல்லயே குளிச்சீங்களா?" என்று டாக்ஸிக்காரர் எல்லாக் கண்ணாடியையும் இறக்கினார். கண்ணாடிக்காரர் பழக்க தோஷத்தில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார், மகள் பின்னால். டாக்ஸி தெருமுனை வரை போய் நின்றது. முன்கதவு திறந்தது. அவர் இறங்கிச் சுற்றி வந்து, பின்னால் அவள் பக்கத்தில் ஏறினார். பிறகு டாக்ஸி முனை திரும்பிப் போய்விட்டது.

மூணு மணி நேரம். என்னவெல்லாம் பேசுவார்களோ, இல்லை, இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போவார்களோ. இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லை.

டேங்கின் வாயை அவர் சொன்னபடி ஈரத்துணியால் மூடிவிட்டு, வளையத்தைத் துணி காயும் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். மாடியிலிருந்து எங்கள் வீட்டு டி.வி. கேட்டது. யாரும் என்னைத் தேடி எட்டிப் பார்க்கவில்லை. ஒரு தலையணை உறைக்கும் யாருடையதோ சட்டைக்கும் நடுவில் அந்தக் கறுப்பு வளையம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. என் பக்கம் அது திரும்பியபோதெல்லாம், அதற்குள் வட்டமாகத் தெரு தெரிந்தது, ஆளில்லாமல், வெயிலோடு.