சுபாஷிணி கேட்ட பவர் சப்ளை

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சுபாஷிணிக்குக் கம்ப்யூட்டர் கேம் பைத்தியம். ஆர்.கே.புரத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. கடைசி மணி அடித்ததும் லேபுக்குள் உட்கார்ந்து, கார் ரேஸில் நாலு பேரை முந்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். பள்ளிக் கம்ப்யூட்டர்களோ ஒரு படத்தைத் திறப்பதற்கே மூச்சு வாங்குபவை. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கோடை விடுமுறை தொடங்கியதும், தன் சம்பளத்தில் நல்ல பாகங்களாகப் பார்த்து வாங்கி, தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

அவள் கணவன் ஜெயராமுக்கு மத்திய சர்க்காரில் கொள்முதல் பிரிவில் உத்தியோகம். அவன் வாங்கிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து இரண்டு அண்டர் செக்ரெட்டரிகள் தரையில் விழுந்திருக்கிறார்கள். ஆனாலும் யாராவது எதையாவது வாங்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அவன் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"நீ எதுக்குச் சிரமப்படறே? அத்திம்பேரைக் கேட்டுடலாம்" என்றான்.

அத்திம்பேர் ராமமூர்த்தி அவனுடைய அக்கா புருஷன், சரோஜினி நகர்வாசி. அவருடைய ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்குத் துணி உறை தைக்க ஏற்பாடு செய்தவர் அவர். அன்றிலிருந்து குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம்.

சனிக்கிழமை அத்திம்பேர் வந்தார். காபியைக் குடித்துக்கொண்டே சுபாஷிணி சொன்னதைக் கேட்டார். கிராஃபிக்ஸ் கார்டு ஏகமாகக் கரண்ட் இழுக்கும், டெல்லியில் வோல்டேஜ் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்கும், அதனால் முதலில் உறுதியான பவர் சப்ளை, மற்றதெல்லாம் அப்புறம் என்றாள் அவள்.

"அச்சா, அச்சா" என்றார் அத்திம்பேர். "பவர் சப்ளைங்கறது என்ன? ஒரு தகர டப்பா. அதுக்குப் போய் யாராவது தனியாக் காசு கொடுப்பாளோ? கேபினெட், அதான் வெளிப்பெட்டி, அதை வாங்கினா அதுக்குள்ளயே இருக்கும். கேபினெட்தான் முக்கியம். பாக்க லக்ஷணமா இருக்கணும்."

"லக்ஷணத்துக்கும் கரண்டுக்கும்..." என்று ஆரம்பித்தாள் சுபாஷிணி.

"ஏண்டா ஜெயராம், ஸ்கூல் ப்ராஜெக்டுக்குத்தானே கேக்கறா?"

"ஆமாம், ஆமாம், ப்ராஜெக்ட்" என்றான் ஜெயராம் அவசரமாக. தன் பெண்டாட்டி சாயங்காலம் ஆனால் காரில் சீறிப் பாய்கிறாள், மிச்ச நேரத்தில் துப்பாக்கியோடு பூதங்களை வேட்டையாடுகிறாள் என்பதை அக்கா வீட்டில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மூவரும் ஆட்டோவில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸ் போனார்கள். கடைக்காரர் ஆண்கள் இருவருக்கும் ஸ்டூல் போட்டார். கேபினெட்டோடு வரும் பவர் சப்ளை நிஜமாகவே எத்தனை வாட் தாங்கும் என்று சுபாஷிணி ஹிந்தியில் கேட்டாள். "டென்ஷன் வேண்டாம் சார், நம்பர் ஒன் சரக்கு" என்று அவர் ஜெயராமுக்குப் பதில் சொன்னார். பிறகு ஒரு கேபினெட்டை எடுத்து வைத்து ஸ்விட்சைப் போட்டார். முன்பக்கம் முழுக்க நீல விளக்கு எரிந்தது. கொள்முதல் அதிகாரியும் கம்ப்யூட்டர் நிபுணரும் முகமெல்லாம் நீலமாகி, வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

சுபாஷிணி உள்ளேயிருந்த பவர் சப்ளையைக் கழற்றித் தூக்கிப் பார்த்தாள். "தெர்மோகோல் மாதிரி இருக்கு. உள்ளே ஒண்ணுமே இல்லை" என்றாள்.

"ஃபாரின்ல இப்போ எல்லாமே கனம் இல்லாமத்தான் பண்றான்" என்றார் அத்திம்பேர்.

"அத்திம்பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் ஜெயராம்.

நடுக்கடையில் நாத்தனார் புருஷனோடு மல்லுக்கு நிற்க வேண்டாமே என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கேபினெட்டோடு மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கினார்கள்; பணம் மட்டும் அவள் பர்ஸிலிருந்து போயிற்று.

வீட்டில் அவளே எல்லாவற்றையும் பூட்டினாள். அத்திம்பேர் கேபினெட்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, போளி சாப்பிட்டுப் போனார்.

அடுத்த வாரமே ஒரு நாள் அது நடந்தது. ஆபீஸிலிருந்து வேர்த்து வழிந்துகொண்டு வந்த ஜெயராம் நேராகப் போய்க் கூலரைப் போட்டான். அறை விளக்கு ஒரு நொடி மங்கியது. சுபாஷிணியின் கார் கடைசிச் சுற்றில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தது. கேபினெட்டுக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம். புகை. மதர்போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து போய்விட்டன.

போனில் விவரம் கேட்ட அத்திம்பேர், "பாத்தியா, கேம் ஆடியிருக்கா! ப்ராஜெக்ட் பண்ணியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

"நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு ஒரு டிராஃப்ட் எழுதறேன்" என்றான் ஜெயராம்.

"நன்னா எழுதுங்கோ" என்ற சுபாஷிணி, மறுநாள் காலை கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். ஜெயராம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

கருகினதற்கு வாரண்டி கிடையாது, உங்கள் வீட்டு வயரிங் சரியில்லை என்றார் கடைக்காரர். சுபாஷிணி கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கவுண்டரின் மேலேயே அந்தப் பவர் சப்ளையைப் பிரித்தாள். கடையில் காலேஜ் கும்பல் ஒன்று நின்றிருந்தது. கடைசி பெஞ்சு வரை கேட்கும் வகுப்புக் குரலில், சுத்த ஹிந்தியில் பாடத்தைத் தொடங்கினாள்.

"எல்லாரும் கிட்ட வாங்க. இந்த இடத்துல கரண்டைச் சீராக்கற கம்பிச்சுருள் இருக்கணும். இருக்கா? ஒரு துண்டுக் கம்பியை வெச்சு ஒட்டியிருக்காங்க. மேலே எழுதியிருக்கற வாட்டைப் படிங்க. அதுல பாதி கேட்டாலே இது வெடிக்கும். இங்கே வாங்கறதுன்னா வீட்டுல ஒரு வாளி மணலும் வெச்சுக்கோங்க."

"இதே டப்பாவைத்தான் போன மாசம் வாங்கினேன்" என்றான் ஒருவன் கலவரமாக. பில் போடக் காத்திருந்த இன்னொருவன் நைசாக நழுவினான்.

"நான் கவர்மெண்ட் பர்ச்சேஸ்ல..." என்று ஜெயராம் நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தான். அவன் கையில் ஒரு மூடியைக் கொடுத்து, "பிடிச்சுக்கோங்கோ" என்றாள் சுபாஷிணி.

அதுவரை 'பாபிஜி', அதாவது அண்ணி, என்று கூப்பிட்ட கடைக்காரர், "மேடம்ஜி, உள்ளே வாங்க, கோல்ட் டிரிங்க் சாப்பிடுங்க" என்றார். மதர்போர்டும் கார்டும் புதிதாக வந்தன. கூடுதல் பணம் கொடுத்து, செங்கல் கனத்தில் ஒரு பவர் சப்ளையைத் தானே பொறுக்கி எடுத்தாள். சின்ன விளக்குகூட அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலில் ஜெயராம் தெரிந்தவர்களிடமெல்லாம், "நாங்க விடலையே! உண்டு இல்லைன்னு பண்ணிட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சுபாஷிணி பிராகாரத்தைச் சுற்றி வந்துவிட்டு, "ஜல்தி வாங்கோ" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஜெயராம் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தான். தொண்டையைக் கனைத்தான்.

"சாப்பாடு..?"

"அரிசி கழுவி வைங்கோ."

அவன் சமையலறைக்குள் போனான். பாத்திரங்கள் உருண்டன. "எத்தனை டம்ளர் தண்ணி விடணும்?" என்று குரல் வந்தது. அவள் அப்போது ஒரு சிவப்புக் காரை ஓரங்கட்டிக்கொண்டிருந்தாள்.