எண்ணெய்க் கை

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வாடகை மின்ஸ்கூட்டரை எடுத்து, மேலகரம் வழியாகக் குற்றாலம் போய் அருவிப் பக்கத்து நிறுத்தத்தில் விட்டுவிடலாம். கார்கள் குறையும், நெரிசல் தீரும். இதுதான் பொறியாளர் ஸ்ரீமதியின் திட்டம். சோதனை ஓட்டத்தை அவள் ஏப்ரலில் நடத்தினாள். அருவி காய்ந்து கிடக்கும் மாதத்தில் குற்றாலத்துக்கு யார் வருவார்? ரோட்டில் போட்டிக்கு நாலு ஆடுதான். வண்டிகள் ஜம்மென்று ஓடின.

சீசன் தொடங்கி, சாரல் விழுந்த ஒரு காலையில் சென்னையிலிருந்து அதிகாரி பார்க்க வந்தார். அவர் சரி என்றால் மாவட்டம் முழுக்க வேலை ஸ்ரீமதி கைக்கு வரும். அருவி நிறுத்தத்தில் நின்று அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் தடாலென்று சத்தம் கேட்டது.

ஒரு பெரியவர் ஸ்கூட்டரோடு சரிந்து கிடந்தார். ஈர வேட்டி, உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர் கையில் பிரேக் நிற்குமா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் வாசுதேவநல்லூரில் பிறந்து, வருஷம் தவறாமல் இங்கே குளிக்க வந்தவள். கிடந்தவரின் முகத்தைப் பார்த்தாள். அப்பா சிவசைலம். மகள் விட்ட வண்டியை ஓட்டிப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"யாருங்க இவரு? நிறுத்தத்தையே தப்பான இடத்துல வச்சிட்டீங்களோ?" என்றார் அதிகாரி.

"யாரோ பெரியவர் சார். எண்ணெய்க் கையோட ஏறிட்டார். திட்டத்துல குறை இல்ல."

வாய் முந்திக்கொண்டது. சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

சிவசைலம் அவளை ஒரு தரம் பார்த்தார். ரத்தம் கசிந்த முழங்கையைத் துண்டால் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"மேடம் சொல்லுதது சரிதான் ஐயா. கையைத் துடைக்காம ஏறினது நாந்தான். வண்டி நல்ல வண்டி. ஏற்பாடு செஞ்சவுக நல்லா யோசிச்சிருக்காவ."

"கூட யாரும் வரலையா?"

"இல்ல ஐயா. எனக்கு இங்கன யாரும் இல்ல."

அதிகாரிக்கு மனசு நிறைந்துவிட்டது. திட்டத்துக்குச் சரி சொன்னார். "பாவம், இவரை பஸ் ஏத்தி விடுங்க" என்று ஸ்ரீமதியிடம் சொன்னார். அவள் அப்பாவைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"வேண்டாம் மேடம். உங்க சட்டையில எண்ணெய் ஒட்டிரும்" என்று ஒதுங்கி, சிவசைலம் நொண்டியபடியே நடந்தார்.

கோபத்தில் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவளுக்காகத்தான் சொன்னார். அது தெரிந்ததால்தான் ஸ்ரீமதியால் தலையை நிமிர்த்தவே முடியவில்லை.