பல்லுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி

1

இந்தக் கதை எனக்கு ஓர் அச்சகத்தில் கிடைத்தது. சொன்னவர் அங்கே மெய்ப்புப் பார்ப்பவர். அச்சேறுமுன் பிழை திருத்துவது அவர் வேலை. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் ஒரு காற்புள்ளியாவது சேர்க்காமல் திருப்பித் தரமாட்டார் என்பதால் அச்சகத்தில் அவர் பெயரே காற்புள்ளியார்.

"எழுதுங்க. ஆனா என்னை நல்லவனா மட்டும் காட்டிடாதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மகள்மேல் உயிரையே வைத்திருந்த காற்புள்ளியார் அன்று–"

(அடித்துவிட்டேன். பொய்யில்லைதான். ஆனால் முதல் வரியிலேயே அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன்.)

மறுபடி. மகளுக்குப் பத்து வயது. கரும்பலகையைப் பார்த்து எழுதினால் புள்ளிகளை விட்டுவிடுவாள். புதுச் சொற்களில் மெய்யெழுத்தெல்லாம் மொட்டையாக நிற்கும். கணக்கில் மூன்று புள்ளி ஐந்து முப்பத்தைந்தாகிவிடும். "ஊருக்கெல்லாம் பிழை திருத்துறேன், என் வீட்டு நோட்டைப் பாத்தா மானம் போகுது" என்று கத்தினார். 'புள்ளி வைக்க மறக்க மாட்டேன்' என்று நூறு தடவை எழுத வைத்தார். எழுதினாள். நூறு வரியிலும் ஒரு புள்ளி தவறவில்லை, அவரே சரிபார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை இவள் சரியாகத்தானே எழுதுகிறாள் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

(இடைக்குறிப்பு: அவள் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுவதை அவர் மனைவி இரண்டு முறை சொல்லியிருக்கிறார். "பால் பல்லுதானே, தானா விழுந்துடும்" என்றாராம் இவர். இதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைக்கிறேன்.)

3

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையேடு மறுபதிப்புக்கு வந்தது. அச்சக ஊழியர்களின் குடும்பங்களுக்கும் அதே நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடுதான். அங்கிருந்து வந்த பெண் அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார். காற்புள்ளியார் பழைய பதிப்பில் பதினான்காம் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நான்தாம்மா இதைத் திருத்தினேன். 'குழந்தைகளின் பல் கண் பராமரிப்பு'ன்னு இருந்துச்சு. நடுவுல காற்புள்ளி நான் போட்டது."

"அப்படியா சார்! உங்க வீட்டுல குழந்தைங்க இருக்காங்களா? கண்ணு செக்கப் பண்ணியாச்சா?"

"அதெல்லாம் தனியாப் பணம் கட்டிச் சேர்ந்தவங்களுக்குத்தானே?"

"அது பெரியவங்களுக்கு சார். பதினெட்டு வயசுக்குள்ள இருந்தா அடிப்படைத் திட்டத்துலயே உண்டு. கண்ணு வருஷத்துக்கு ஒரு தடவை, தேவைப்பட்டா ஒரு கண்ணாடி. பல்லு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. சொத்தை அடைக்கிறதும் அதுலயே வந்துடும்." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பக்கத்துல இருக்கிறதே அதுதான் சார்."

காற்புள்ளியார் குனிந்து அந்தப் பக்கத்தை முதல்முறையாக வாசித்தார்.

4

கண் பரிசோதனை அறை. சுவரில் எழுத்து அட்டை. பரிசோதகர் மூன்றாவது வரியைக் காட்டினார். மகள் அட்டையைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. தெரிஞ்சதைச் சொன்னாப் போதும்."

"தப்பாச் சொன்னா எத்தனை தடவை எழுதணும்?"

பரிசோதகர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?"

(இங்கே 'அவர் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். இந்தக் கதையின் மெய்ப்பில் அவரே அடித்துவிட்டார். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இல்லை. வெளியே இருந்தவர்கள் காதில் விழுந்ததா என்றுதான் பார்த்தேன்.')

5

முடிவுகளாக நான் யோசித்து வைத்திருந்தவை: கண்ணாடி போட்ட மகளிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார். அல்லது, கேட்காமலே அவள் மன்னித்துவிடுகிறாள். அல்லது, இருவரும் கடைப் பலகைகளில் பிழை தேடிக்கொண்டே கைகோத்து–

எதுவும் நடக்கவில்லை. கண்ணாடி வந்தது. பல்லும் அடைத்தாயிற்று. ஒரு சாயங்காலம் அவள் புது நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "முன்னாடி நான் கவனமா இல்லப்பா. இப்ப கவனமா இருக்கேன், பாருங்க."

கவனமில்லாமல் இருந்தது யார் என்று சொல்ல வேண்டிய இடம். "ம்" என்றாராம்.

கொடுத்த மறுநாளே மெய்ப்பைத் திருப்பிவிடுபவர், இந்தக் கதையை நான்கு நாள் வைத்திருந்தார். நேரில் போனேன்.

"இது வர்ற பத்திரிகை என்னைக்கு அச்சுக்குப் போகுது?"

"வெள்ளிக்கிழமை."

"ஒரு பிரதி வீட்டுக்கு வரும். வர்றதையெல்லாம் அவ படிச்சுடுவா." தாள்களைத் தட்டி நேராக்கினார். "அதுக்குள்ள நானே சொல்லிடறேன்."

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் அந்த வெள்ளிக்கிழமை கடந்துவிட்டது. சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. வாசிப்பது பத்து வயதுப் பெண்ணாக இருந்து, உன் அப்பா இன்னும் ஒன்றும் சொல்லியிருக்காவிட்டால், இங்கேயே நிறுத்திவிடம்மா. போய் அவர் எதிரே உட்கார். மிச்சத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.