அந்தரத்தில் நிற்கும் காப்பி

1
இந்தக் கதை நூலகத்தில் பிறந்தது. மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லோரும் ஒரே கோப்பைக் காப்பியோடு அந்திவரை கடையில் உட்கார்ந்து காதலிக்கிறார்கள், புரட்சி செய்கிறார்கள். திருநெல்வேலியில் கடைசி வாய் இறங்குவதற்குள் மேசைக்கு ஈரத்துணி வந்துவிடும். "எந்திரிக்கலாம்லா?" அப்படியொரு கடை இங்கே தானாக வராது என்பதால் நானே எழுதித் திறக்கிறேன்.

பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், தாமிரபரணிக் கரையோரமாக

(வேண்டாம். சேரன்மகாதேவிக்காரர்கள் சிரிப்பார்கள்.)

2
1997, சித்திரை வெயில். உலகமெங்கும் கடை வைத்திருக்கும் ஒரு காப்பிக் கம்பெனி வண்ணார்பேட்டையில் சோதனைக் கிளை திறக்கிறது. (பெயர் வைக்கவில்லை, வைத்தால் வழக்குப் போடுவார்கள்.) மேலாளர் கோமதிசங்கர். கடை நிலைத்தால் வேலை நிலைக்கும். வேலை நிலைத்தால்தான் அவர் விரும்பும் பிருந்தாவைக் கட்டிக்கொடுப்பேன் என்கிறார் அவள் அப்பா காந்திமதிநாதன்.

பிருந்தா ஜன்னலோரம் நின்று பெருமூச்சு

"நான் எதுக்குப் பெருமூச்சு விடணும்? டைப்பிங் கிளாசுக்கு நேரமாச்சு" என்று பாதி வாக்கியத்தில் போய்விட்டாள்.

3
கம்பெனியின் கோப்பை காகிதம். மேலே பிளாஸ்டிக் மூடி. அதில், வாய் வைத்து உறிஞ்ச ஒரு சிறு துளை. காந்திமதிநாதனோ தம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் வீட்டுக்காரர். துளையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஏய்யா கோமதி, வெள்ளக்காரன் நம்மள நெனச்சில்லா செஞ்சிருக்கான்! எச்சி படாம ஊத்த வாகா ஓட்டை போட்டுருக்கான் பாரு."

"மாமா, அது வாய் வச்சு..."

"கடைக் கோப்பைல வாயா? சீ, சும்மா இரு."

அவரைப் பார்த்து ஊரே அண்ணாந்தது. கடையில் கூட்டம் தாங்கவில்லை.

4
கடையை வைப்பதா, மூடுவதா என்று முடிவு செய்ய ஹென்றிக் என்ற அதிகாரி வருகிறார். இவர்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. வெள்ளைக்காரர்களை நான் மொழிபெயர்ப்பில்தான் சந்தித்திருக்கிறேன். அதனால் இப்படித்தான் பேசுவார்:

"ஓ, என் அன்பார்ந்த கோமதிசங்கர்! கடவுளின் பெயரால் கேட்கிறேன், இவர்கள் அனைவரும் ஏன் கூரையைப் பார்க்கிறார்கள்?"

"இங்கன அப்படித்தான் சார் குடிப்பாங்க."

"அந்தோ! மூடி கழன்றால்? ஒரு சொட்டு சிந்தினாலும் இக்கடையை நான் மூடியாக வேண்டும்."

காந்திமதிநாதன் புது வேட்டியை மடித்துக் கட்டினார். "சிந்துமாம்லா! கோமதி, ஒண்ணு போடு. நான் குடிச்சுக் காட்டுதேன். நீரு பக்கத்துல வந்து பாரும் வே."

ஹென்றிக் பக்கத்தில் வந்தார், வெள்ளைச் சட்டையோடு. கோமதிசங்கர் காப்பியை* ஊற்றி மூடினார். சரியாக அழுத்தினால் 'டக்' என்று கேட்கும். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் ஹாரன் அடித்தது. எனக்கும் கேட்கவில்லை.

(* சிக்கரி கலந்தது. கம்பெனிக்குத் தெரியாது.)

5
முதல் முடிவு: நூல்போல இறங்குகிறது காப்பி. ஹென்றிக் கைதட்டுகிறார். கல்யாணம்.
(நான் படிக்கிற நாவல்களில் இவ்வளவு சந்தோஷத்தை மதிக்க மாட்டார்கள்.)

இரண்டாம் முடிவு: மூடி கழன்று வேட்டி, சட்டை எல்லாம் காப்பி. வேலை போன கோமதிசங்கர் மழையில் நனைந்தபடி
(சித்திரை வெயில் என்று நானே எழுதிவிட்டேன், ஏது மழை?)

"ஏ, கதை எழுதுத தம்பி, என்ன யோசன? கை கடுக்குல்லா!" என்கிறார் காந்திமதிநாதன், அண்ணாந்தபடியே.

டைப்பிங் கிளாஸ் முடிந்து வந்த பிருந்தா வாசலில் நிற்கிறாள். பெருமூச்சு விடவில்லை, மூச்சே விடவில்லை.

கோப்பை அவர் வாய்க்கு ஒரு சாண் மேலே சாயத் தொடங்கிவிட்டது. இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் உங்கள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்தான் மூடி. அழுத்துவதானால் இப்போதே அழுத்திவிடுங்கள். காப்பி கொதிக்கிறது.