கேசவன் சார் திரும்பக் கேட்ட வண்டி

எங்கள் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிற வீடுகளில் பழைய பொருள் ஏதாவது கொடுத்தால் ஒரு மாதம் அதைத் தொட மாட்டாள். கவரோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். கொடுத்தவர்கள் மனம் மாறித் திரும்பக் கேட்டால் கசங்காமல் கொடுக்க வேண்டுமாம். இப்படி ஒரு மிக்சியும் இரண்டு புடவைகளும் மாடம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, திரும்பிப் போயிருக்கின்றன.

ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒருவர் கேட்பார் என்று அம்மாவேகூட நினைத்திருக்க மாட்டாள்.

கேட்டவர் கேசவன் சார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவருடைய அம்மா கனகவல்லி இருந்த ஃபிளாட்டில்தான் என் அம்மா வேலை செய்தாள். சார் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அவர் சின்ன வயதில் வைத்திருந்த பொம்மைகள் அந்த வீட்டு அலமாரியில் இருந்தன. எல்லாம் வண்டிகள். மடக்கித் திருப்பினால் ரோபோவாகிவிடும். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய அப்பா ஜப்பானிலிருந்து கொண்டுவந்தவை. கனகவல்லி அம்மா காலமான பிறகு ஃபிளாட்டை விற்றபோது ஒன்பது பொம்மைகளை சார் எடுத்துக்கொண்டார். "அந்த ஃபயர் இன்ஜின் கை உடைஞ்சது. அதை நீ வச்சுக்கோ" என்று என்னிடம் தள்ளினார். அதன் கையை நான் எப்போதோ சரிசெய்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இப்போது சார் சென்னைக்கே வந்துவிட்டார். கண்ணாடி ஷெல்ஃப் செய்து பொம்மைகளை வரிசையாக வைத்திருக்கிறாராம். ஒரு இடம் காலியாக இருக்கிறதாம்.

"இன்னாடி மொறைக்கிற? அவங்க பொருளு, கேக்குறாங்க" என்றாள் அம்மா.

"எனக்குன்னு குடுத்தது."

"குட்த்தாங்க. இப்போ கேக்குறாங்க. பேஜார் பண்ணாம எட்த்து வை."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சார் வந்தார். கார் எங்கள் தெருவுக்குள் நுழையாது என்பதால் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். கடையிலிருந்து கூல்டிரிங்ஸ் வாங்கி வைத்திருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட வாங்காத பெரிய பாட்டில்.

"தமிழினியா இது? என்ன சாமுண்டிம்மா, பொண்ணு இப்படி வளந்துட்டா!"

அம்மா சிரித்தாள். நான் பொம்மையை நீட்டவில்லை. அம்மாதான் என் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தாள்.

அவர் அதை மூக்கருகே வைத்து முகர்ந்தார். "அதே ஸ்மெல்!" என்றார். பிறகு திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இது என்ன, ஹேர்பின்னா? யார் இப்படிப் பண்ணது? ஒரிஜினல் பின் போனா அவ்ளோதான், வேல்யூவே இல்ல."

"சின்னப் பொண்ணு சார், தெரியாம பண்ணிட்சு. மனசுல வெச்சிக்காதீங்க."

அவர் உடைத்த கையை நான் ஒட்டவைத்ததற்கு என் அம்மா மன்னிப்புக் கேட்டாள்.

சார் வண்டியை ரோபோவாக மாற்றப் பார்த்தார். "கைதான் ஃபர்ஸ்ட் வெளிய வரும், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தார். பிளாஸ்டிக் நெறுநெறுத்தது. சின்ன வயதிலும் இப்படி இழுத்துத்தான் உடைத்திருக்க வேண்டும். அவர் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது நான் அதை வெடுக்கென்று பிடுங்கினேன். பெரியவர்கள் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியதே இல்லை.

"மொதல்ல இடுப்பைத் திருப்பணும் சார்."

இடுப்பைத் திருப்பினேன். ஏணியைப் பின்னால் மடித்தேன். டிரைவர் உட்காருகிற பகுதியை இரண்டாகப் பிரித்துப் பாதங்களாக்கினேன். கைகள் தானாகவே இறங்கின. கடைசியில் தலையை மேலே தூக்கி நிமிர்த்திப் பிடித்தேன்.

"சூப்பர்! எங்க கத்துக்கிட்ட?"

"உங்க வீட்லதான். உங்கம்மா மதியம் தூங்குவாங்கல்ல, அப்போ."

"ஓ! நீ அங்க இருந்தது எங்களுக்குப் பெரிய ஹெல்ப் தெரியுமா? படிப்பு ஏறல, வீட்ல சும்மாதான் இருக்கான்னு உங்கம்மா சொன்னாங்க. சரி, ரெண்டு பேருக்குமே யூஸ்ஃபுல்லாப் போச்சு."

கனகவல்லி அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தது ஒரு ஜூன் மாதத்தில். எனக்குப் பதினொன்றாம் வகுப்பு தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு மாதம் மட்டும் கூட இரு என்று அம்மா கெஞ்சினாள். ஒரு மாதம் ஒரு வருடமானது. நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தபோது பள்ளியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள்தான் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று இதுவரை அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பார்த்தேன். "எனக்குப் படிப்பு ஏறலையா?"

"சாரு முன்னாடி இன்னா பேச்சு? உள்ள போ."

உள்ளே போக எங்கள் வீட்டில் இன்னொரு அறை கிடையாது.

"சொல்லும்மா. ஏறலையா?"

சார் எழுந்துவிட்டார். "அட, எதுக்கும்மா இவ்ளோ கோவம்? பொம்மைதானே? சரி, நீயே வச்சுக்கோ. நான் குடுக்கறேன்."

இரண்டாவது முறையாகக் கொடுக்கிறார்!

"நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம் சார். இது ஏற்கெனவே என்னுது. அம்மா பதில் சொல்லட்டும்." என் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. கேட்கட்டும் என்று இருந்தது.

அம்மா தரையைப் பார்த்தாள். "நானூத்தி முப்பத்தெட்டு சார்" என்றாள்.

"என்னது?"

"டென்த்துல. ஸ்கூல்லயே மூணாவது. படிக்கிற புள்ளைன்னு சொன்னா நீங்க வேற ஆளு பாத்துக்குவீங்க. வேல பூடும்னு பயந்துகினு அப்டி சொன்னேன்."

"எனக்கு இது தெரியாதே, சாமுண்டிம்மா."

"தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் செல்போனைப் பார்த்தார். கோயில் பக்கம் வண்டி இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. போனில் மணியும் அடித்திருக்கவில்லை.

அம்மா அவர் பாதி குடித்து வைத்த டம்ளரை எடுத்தாள்.

"அதான் சொல்லிட்டேன்ல. இன்னும் இன்னாத்துக்கு நிக்கிற?"

"சாரு வூட்டுக்கு சொல்லிட்ட. இன்னும் எத்தினி வூட்ல எனக்குப் படிப்பு ஏறலன்னு சொல்லி வெச்சிருக்க?"

அம்மா கழுவி முடித்த டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.