திராட்சைத் தோட்டங்களில் ஏழு நாள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு விசாலாக்ஷி ஜன்னல் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, கணவன் ஜம்புவின் வெள்ளை வேட்டியைக் கூடத்துச் சுவரில் நான்கு ஆணிகளுக்கு இடையே இழுத்துக் கட்டினாள். மாட்டுங்காவில் அந்த மூன்றாவது மாடி வீட்டின் கூடம் பத்துப் பேருக்கே போதாது. அன்று பதினாலு பேர் வந்திருந்தார்கள். எதிர்வீட்டு வேங்கடசுப்ரமணியனும் அவர் மனைவி நாகலக்ஷ்மியும் முன்வரிசையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் அனந்தநாராயணனுக்கு மட்டும் நாற்காலி. ஜம்பு, செம்பூர் ஆலையில் கூட வேலை செய்கிறவரிடமிருந்து இரவல் வாங்கி வந்த ஸ்லைடு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். எட்டு மாதம் பிரான்ஸில் டிரெய்னிங் முடித்து அவன் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஆலைப் படங்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன. குழாய்களையும் கொதிகலன்களையும் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. பிறகு ஜம்பு தொண்டையைச் செருமிக்கொண்டு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மேப்பை எடுத்து வந்தான். தரையில் விரித்து, மூலைகளில் காப்பி டம்ளர்களை வைத்தான். விசாலாக்ஷி அதுவரை அந்த மேப்பைப் பார்த்ததில்லை.

"இதான் நான் நடந்த நடை. கைடு கிடையாது, பஸ் கிடையாது. முதுகுல ஒரு பை, கையில இந்த மேப். கார்த்தால ஒரு ஊர்ல கிளம்பினா சாயந்தரம் அடுத்த ஊர். வழி பூரா திராட்சைத் தோட்டம். ஏழு நாள்."

"தனியாவா?" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"தனியாத்தான். அதுலதான் சார் சுகமே."

வேட்டியில் குன்றுகள் வந்தன. அறுவடை முடிந்து இலை பழுத்த கொடிகள், வரிசை வரிசையாக, சரிவு முழுவதும் மஞ்சள். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் துறவிகள் கட்டிய மதிற்சுவர் என்று ஒன்றைக் காட்டினான். மண்ணுக்கு அடியில் கல் அறைகள், சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம் பிடித்து, உருண்டை உருண்டையாகப் பீப்பாய்கள். ஒரு கிழவர் கண்ணாடிக் கோப்பையை மூக்கில் வைத்து முகர்கிறார். அடுத்த படத்தில் வாயிலிருந்து சிவப்பாக ஒரு வாளியில் துப்புகிறார். ருசி பார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்களாம், கொப்பளித்துத் துப்பிவிடுவார்களாம்.

"சீ, ஒரே வாளியிலயா எல்லாரும்?" என்று நாகலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்ததில் ஜம்புவே கையில் கோப்பையோடு நின்றான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய.

"என்னடா அது கையில?" என்றார் அனந்தநாராயணன்.

"திராட்சை ரஸம்ப்பா."

அப்பாவுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பெர்மிட் இல்லாமல் ஒரு சொட்டு மது வைத்திருந்தால் போலீஸ் பிடித்துப் போகும் ஊர் பம்பாய். ஆனால் அது வேட்டியில் விழுந்த வெளிச்சம்தானே. மறுபடி சிரிப்பு. அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அடுத்து வர்ணவர்ணமாக ஓடு வேய்ந்த பெரிய கட்டடம். ஊரின் பெயர் போன் என்றான். "டெலிபோனா?" என்று யாரோ கேட்டார்கள். அது ஆஸ்பத்திரி, ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு ஏழைகளுக்காகக் கட்டியது, இன்றைக்கும் அதற்குச் சொந்தமான தோட்டங்களின் ஒயினை விற்றுத்தான் நடத்துகிறார்கள் என்று ஜம்பு சொல்லிக்கொண்டே போனான். நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் சிவப்புத் திரை. வெள்ளை உடுத்த கன்யாஸ்திரீ ஒருத்தி கதவருகே நின்றாள்.

விசாலாக்ஷி பலகாரத் தட்டைக் கீழே வைக்கக் குனிந்தாள். மெஷினிலிருந்து கசிந்த வெளிச்சம் மேப்பின் மேல் விழுந்திருந்தது. சிவப்புப் பென்சில் கோடு ஊர் ஊராக இறங்கி வந்தது. ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் ஜம்புவின் பொடி எழுத்தில் தேதி. முதல் ஊருக்குப் பக்கத்தில் 13-10. ஆஸ்பத்திரி ஊருக்குப் பக்கத்தில் 16-10.

அவள் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி, எட்டாம் மாதத்தில், அவளுக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. அன்றைக்கே ஜம்புவுக்குத் தந்தி கொடுத்தார்கள். பெண் குழந்தை என்று ஆஸ்பத்திரி ஆயா லூர்தம்மாள் சொல்லித்தான் தெரியும். முகத்தைக் காட்டவில்லை. அனந்தநாராயணன் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "இதுக்கு சாஸ்திரத்துல கிரியை ஒண்ணும் கிடையாது. யாரையாவது விட்டு அடக்கம் பண்ணிடச் சொல்லுங்கோ" என்றார். வேங்கடசுப்ரமணியன் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். கடைசியில் லூர்தம்மாள் தாராவியிலிருந்து தன் புருஷன் வேதமுத்துவை அழைத்து வந்தாள். அவன் வாசலில் வரும்போதே கள்ளச்சாராய நெடி அறைக்குள் வந்துவிட்டது. அழுகிய பழமும் நவச்சாரமும் கலந்த நெடி. பச்சைத் துணியில் சுற்றிய பொட்டலத்தை அவன் வாங்கி மார்போடு அணைத்தபோது விசாலாக்ஷி படுக்கையிலேயே வாந்தி எடுத்தாள். லூர்தம்மாள்தான் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "ஒங்க வீட்டுக்காரவிய எங்கம்மா?" என்று கேட்டாள். "பிரான்ஸ்" என்று சொன்னதும், "அது எங்கிட்டு இருக்கு?" என்றாள்.

ஆறாம் நாள், பதினாறாம் தேதி, பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, ரவிக்கை நனைந்து, புளித்த நாற்றம். லூர்தம்மாள் பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டாள். மாதக் கடைசியில் ஜம்புவின் கடிதம் வந்தது. ஆலையில் டிரையல் ரன் நடந்ததால் அசைய முடியவில்லை, தந்தியே தாமதமாகத்தான் கைக்குக் கிடைத்தது, பகவான் சித்தம், உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கடிதத்தை அவள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். பாவம், தூர தேசத்தில் தனியாக இதைத் தாங்குகிறாரே என்று அவனுக்காக அழுதிருக்கிறாள். இப்போது நினைத்தபோது தன் கண்ணீர் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எல்லோரும் போனபின் ஜம்பு வேட்டியை ஆணியிலிருந்து கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். மாமனார் உள்ளறையில் படுத்திருந்தார்.

"தந்தி உங்களுக்கு என்னிக்குக் கிடைச்சுது?" என்றாள்.

அவன் மடிப்பதை நிறுத்தவில்லை. "அதான் எழுதினேனே."

"மேப்புல தேதி போட்டிருக்கேள்."

அவன் வேட்டியின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து நீவினான். பிறகு நிமிர்ந்து, "பன்னண்டாம் தேதி சாயந்தரம்" என்றான். "லீவு சாங்ஷன் ஆயிருந்தது. ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பூட்ஸ் வாங்கியாச்சு. நான் அங்கேருந்து கிளம்பி வரணும்னா அஞ்சாறு நாள் ஆகும் விசாலம். வந்து என்ன பண்ணப் போறேன்? எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"நான் முடியலையே."

"ரூமுக்குள்ள உட்கார்ந்திருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும். அதான் நடந்தேன். உன்னைத்தான் நெனச்சிண்டே நடந்தேன்."

படத்தில் சிரித்த பல் அவள் கண்முன்னால் வந்தது. அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். நிஜத்தைச் சொல்லிவிட்டால் அவள் புரிந்துகொள்வாள் என்று நம்புகிறவனுடைய முகம். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே? அந்த ஏழு நாள்தான் நான் நிம்மதியா இருந்தேன். யாருக்கும் புள்ளை இல்லை, யாருக்கும் ஆம்படையான் இல்லை. காலை எடுத்து வச்சா போறது வழி. அப்படி ஒரு நிம்மதி நான் பொறந்ததுலேருந்து பார்த்ததில்லை."

சொல்லிவிட்டு அவன் அழுதான். அவள் தோளில் நெற்றியை வைத்தான். கண்ணீரும் சளியும் அவள் கழுத்தில் ஈரமாக ஒட்டின. பக்கெட்டில் மூன்று நாள் ஊறிய துணியை மேலே போட்டதுபோல் அவள் உடம்பு கூசியது. அவனை விலக்கினாள். உள்ளறையிலிருந்து அனந்தநாராயணன் இருமினார். "ஆனது ஆயாச்சு. அதையே கெளறிண்டு என்ன ஆகப்போறது? காப்பி இருந்தா கொஞ்சம் கொடும்மா." அவள் காப்பி கலந்து கொடுத்தாள். கை தன்பாட்டுக்குக் கலந்தது. அந்தக் கையையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஜம்பு செம்பூருக்குப் புறப்பட்டதும் அவள் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரவு டியூட்டி முடிந்து வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த லூர்தம்மாள் எழுந்து நின்றாள்.

"என்னம்மா, மேலுக்கு முடியலியா?"

"குழந்தையை எங்க வச்சார் உங்காத்துக்காரர்? எனக்கு அந்த இடத்தைப் பார்க்கணும்."

லூர்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த மனுசன் எங்கிட்டயே ஒழுங்காச் சொல்லல. குடிகாரப் பய. வாங்க, கேப்போம்."

சயான் ஸ்டேஷனைத் தாண்டித் தாராவிக்கு நடந்தார்கள். தோல்கிடங்குகள் வந்தபோது விசாலாக்ஷி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். உப்புப் போட்ட தோல்கள் ரோமத்தோடு குவிந்து கிடந்தன, ஈ மொய்த்தது. சாக்கடை ஓரமாகப் பலகைமேல் கால்வைத்துப் போகவேண்டியிருந்தது. ஒரு சந்தில் போலீஸ்காரர்கள் ரெய்டு செய்து உடைத்த சாராயப் பானைகள் சேற்றில் சிதறியிருந்தன. ஊறல் வழிந்து ஓடிய இடத்தில் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. அதே நெடி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லூர்தம்மாள் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை.

வேதமுத்து குடிசை வாசலில் சாக்கின்மேல் கிடந்தான். லூர்தம்மாள் காலால் தட்டினாள். "ஏய், எந்திரி. அந்தப் பிள்ளைக்கு அம்மா வந்திருக்காவ."

அவன் எழுந்து உட்கார்ந்தான். புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவசரமாக லுங்கியைச் சரிசெய்துகொண்டு, சட்டையைத் தேடி, கிடைக்காமல், மார்பைக் கைகளால் மறைத்துக்கொண்டான்.

"சுடுகாட்டுக்குத்தாம்மா கொண்டுட்டுப் போனேன். வாட்ச்மேன் சீட்டு கேட்டான். ஆஸ்பத்திரியில குடுத்த சீட்ட நான் வழியில எங்கயோ போட்டுட்டேன். போதை. சீட்டு இல்லாம விடமாட்டேன்னுட்டான். கையில வச்சிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடந்தேன், பொழுது சாயுற வரைக்கும்." அவன் நிமிரவில்லை. "பொறவு எங்க கல்லறத் தோட்டத்துக்குக் கொண்டு போனேன். குழிவெட்டுத மரியசூசை எங்க ஊர்க்காரன். ஐயரு வீட்டுப் புள்ளன்னு அவங்கிட்டச் சொல்லல. என் புள்ளன்னு சொன்னேன்."

லூர்தம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். "இத எங்கிட்டச் சொல்லவே இல்லியே நீ."

"என்னத்தச் சொல்ல" என்றான்.

மூன்று பேரும் நடந்தார்கள். அவன் பத்தடி முன்னால் போனான். தன்மேல் நெடி அடிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் வழியின் மறுபக்கத்துக்கு விலகி நடந்தான். அப்படியும் நெடி வந்தது. விசாலாக்ஷி எச்சிலை விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தின் கோடியில், சுவரை ஒட்டி, பெயரும் சிலுவையும் இல்லாத சின்னச் சின்ன மண்மேடுகள். ஒவ்வொன்றும் ஒரு முழம், ஒன்றரை முழம். மழைக்கு முளைத்த புல் இப்போது காய்ந்து சரிந்து கிடந்தது. வேதமுத்து தூரத்திலேயே நின்றுவிட்டான்.

"இங்க வாங்கோ" என்றாள் விசாலாக்ஷி. "எதுன்னு காட்டுங்கோ."

அவன் வந்து குந்தி உட்கார்ந்தான். புல்லை விரல்களால் விலக்கி ஒரு மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுத்தான். பக்கத்து மேட்டின்மேல் வைத்தான். சுவரைப் பார்த்தான், கேட்டைத் திரும்பிப் பார்த்தான், மறுபடி முதல் மேட்டைத் தொட்டான்.

"இந்த ரெண்டுல ஒண்ணும்மா" என்றான்.

லூர்தம்மாள் அவனைத் திட்டத் தொடங்கினாள். விசாலாக்ஷி செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு மேடுகளுக்கும் நடுவில் இருந்த குறுகலான இடத்தில், புடவையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இடம் போதவில்லை. முழங்கால் ஒன்றில் இடித்தது, இடுப்பு மற்றதில் சாய்ந்தது. அவள் நகரவில்லை.