ராகு காலத்து ஸ்டார்ட்

எங்கள் கம்பெனியில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் புகை விட்டுக்கொண்டு நிற்குமே, அந்த ரகம் இல்லை. லாரியை விடப் பெரியது. ஒரு அணுமின் நிலையத்துக்குப் போக வேண்டியது. எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். தூத்துக்குடி ஹார்பரில் கப்பலேறிப் போக வேண்டிய தூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதன் வேலை சும்மா இருப்பது. வருஷம் முழுக்கச் சும்மா இருக்கும். என்றைக்காவது நிலையத்துக்கு வரும் மின்சாரம் மொத்தமாகப் போய்விட்டால், அணு உலையைக் குளிர்விக்கும் பம்புகள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள, பத்து விநாடிக்குள் எழுந்து ஓட வேண்டும். பதினொன்று ஆகக் கூடாது. என் மச்சினன் பேச்சிராஜாவும் ஏரலில் அப்படித்தான் சும்மா இருக்கிறான். ஆனால் அவன் பத்து விநாடியில் எழுந்துவிடுவான் என்று இதுவரை எந்த அரசாங்கமும் நம்பியதில்லை.

நான் நல்லக்கண்ணு, அந்தக் கம்பெனியின் தர ஆய்வாளர். மற்றவர்கள் செய்த வேலையைப் பார்த்துத் தலையாட்டுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் ஆட்டியதில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொல்கிறார்.

முதலாளி பால்துரை அண்ணாச்சிக்குச் சாத்தான்குளம் பக்கம். கப்பலுக்கு அரிசியும் கயிறும் சப்ளை செய்ய ஆரம்பித்து, கப்பல் இன்ஜினையே கழற்றி மாட்டும் அளவுக்கு வளர்ந்தவர். இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. ஆனால் ஒரு கொள்கை வைத்திருந்தார். எந்த இன்ஜினாக இருந்தாலும் அன்றைய முதல் ஸ்டார்ட்டை நல்ல நேரத்தில்தான் எடுக்க வேண்டும். தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம். கால் மணி நேரம் ஓடவிட்டு, இன்ஜினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு அது எந்த நேரத்தில் ஸ்டார்ட் ஆனாலும் அண்ணாச்சிக்கு ஆட்சேபம் இல்லை.

அணுமின் நிலையக்காரர்கள் எங்களிடம் கேட்டது சுலபமான விஷயம். பதின்மூன்று தடவை ஸ்டார்ட் செய்து எத்தனை விநாடி என்று பதிவேட்டில் எழுதுங்கள், பதினாலாவது தடவையை எங்கள் ஆள் வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பார், சனிக்கிழமை கப்பல்.

பன்னிரண்டு தடவையும் ஒன்பது விநாடி சொச்சம். நாங்கள் கை தட்டினோம். நான் தலையாட்டினேன். அரை மணி நேரம் முன்பு பூஜை போட்டு ஓடிய இன்ஜின் மறுபடி சட்டென்று ஓடுவதில் என்ன அதிசயம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தூங்குகிறவனை எழுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் பாத்ரூம் போய்விட்டு வந்து இப்போதுதான் படுத்தவனை எழுப்பிப் பார்த்து, பலே என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

பதின்மூன்றாவது ஸ்டார்ட் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என்று அட்டவணையில் இருந்தது. அண்ணாச்சி முந்தின நாள் திருச்செந்தூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனவர் திரும்பியிருக்கவில்லை. தேங்காய் அவர் அறையில். அறைச் சாவி அவர் இடுப்பில். டெஸ்ட் ஆபரேட்டர் முத்துமாரி அட்டவணையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், எட்டு மணிக்கு ஸ்டார்ட் செய்துவிட்டாள்.

முத்துமாரிக்கு ஆதிச்சநல்லூர். அவள் ஊர்க்காரர்கள் முதுமக்கள் தாழிக்குள் உட்கார்ந்து மூவாயிரம் வருஷம் பொறுமையாகக் காத்திருந்தவர்கள். இவளுக்குப் பதினோராவது விநாடி பொறுக்காது. டிப்ளமோ படித்தவள். நாலு வருஷமாகக் காண்டிராக்டில் இருக்கிறாள். அந்த மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்குவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

நான் பைபாஸில் உப்பு லாரிக்குப் பின்னால் பைக்கில் ஊர்ந்துகொண்டிருந்தபோது முத்துமாரியிடமிருந்து போன் வந்தது. என்னையும் அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணாச்சி, பத்தொம்பது."

"எது பத்தொம்பது?"

"செகண்டு."

"வாட்ச்ல பேட்டரி இருக்கான்னு பாருளா."

"ரெண்டு வாட்ச் வச்சுப் பிடிச்சேன். ஒண்ணு கம்பெனிது, ஒண்ணு என் போனு. ரெண்டும் பத்தொம்பதுதான். எழுதிட்டேன்."

"எழுதிட்டியா? நான் வாரதுக்குள்ளயா?"

"நீங்க வந்தா மட்டும் குறையவா போவுது?"

பதிவேட்டின் பக்கங்களுக்கு அச்சடித்த எண் உண்டு. கிழிக்க முடியாது. வெள்ளை மை தடவக் கூடாது. எங்கள் கம்பெனியில் துருப்பிடிக்காத, அழிக்க முடியாத ஒரே பொருள் அதுதான்.

பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். நெற்றியில் திருச்செந்தூர் விபூதி இன்னும் காயவில்லை.

"திங்கக்கிழமை எட்டு மணி. ராகு காலம். ராகு காலத்துல ஸ்டார்ட் பண்ணினா பத்தொம்பது செகண்டு என்ன, பத்தொம்பது வருசம் ஆவும். வே நல்லக்கண்ணு, அந்தப் பிள்ள வாட்சை முன்னாலயே அமுக்கிட்டா. ஆபரேட்டர் தவறுன்னு எழுதி முடிச்சிரும்."

"விசாரிச்சுட்டு எழுதுதேன் அண்ணாச்சி."

"விசாரிச்சுட்டே எழுதும். ஆனா அதையே எழுதும்."

இந்த மாதிரித் தவறுக்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் 'ஏன்?' என்று ஐந்து தடவை அச்சடித்திருக்கும். ஒவ்வொரு பதிலையும் மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் உண்மைக் காரணம் அகப்படும் என்று எந்த நாட்டுக்காரரோ கண்டுபிடித்திருக்கிறார். அவர் ஊரில் டீ குடிக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

நான் போய் இன்ஜினின் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. இருக்கக் கூடாது. சும்மா நிற்கும்போதும் இன்ஜினுக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும் என்பதற்காகவே ஒரு ஹீட்டர் உண்டு. அது ஓடாவிட்டால் எச்சரிக்க பேனலில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அந்த விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் முருகன் படம் ஒட்டியிருந்தது. அண்ணாச்சி ஒட்டியது. மூன்று மாதமாக முருகன் முகத்தில் ஒரு செவ்வொளி வீசியது எல்லோருக்கும் தெரியும். படத்துக்குள்ளேயே லைட் வைத்து விற்கிறான் பார் என்று நானே வியந்திருக்கிறேன். படத்தின் ஓரத்தைத் தூக்கினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஏன் பத்தொன்பது? இன்ஜின் குளிர்ந்திருந்தது. ஏன்? ஹீட்டர் ஓடவில்லை. ஏன்? ஹீட்டருக்கு மின்சாரம் இல்லை.

நாலாவது ஏனுக்காகக் கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது சுவரோரம் போய், ஜன்னலுக்கு வெளியே இறங்கி, கேன்டீனில் டீ போடும் செந்தூர்வேலின் பாய்லரில் முடிந்தது.

ஐந்தாவதைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதம் முன்பு, டீசல் இருக்கும் இடத்தில் கேஸ் அடுப்புக் கூடாது என்று பாதுகாப்புத் தணிக்கையில் எழுதிவிட்டுப் போனார்கள். டீக்கு ஆபத்து வந்தது. கரண்ட் பாய்லர் வாங்கினோம். அதைத் தாங்குகிற லைன் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது, ஹீட்டர் லைன். எலக்ட்ரீஷியன் பெவின் தலையைச் சொறிந்தான். அவன் தோளில் கை போட்டு, "ரெண்டு நாளைக்குத்தாம்ல, மாட்டு" என்று சொன்ன மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஆறு டீ வேண்டும். அந்த மனிதனின் சட்டையைத்தான் நான் அப்போது போட்டிருந்தேன்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். பாய்லர், ஹீட்டர், எல்லாம் சொன்னேன். லைனை மாட்டச் சொன்ன ஆள் யார் என்பதை மட்டும் சொல்ல நேரமில்லாமல் போயிற்று.

அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"ஹீட்டர் ஓடலைன்னு எழுதினா என்ன ஆவும்?"

"மூணு மாசமா ஓடலைன்னு ஆவும். பன்னெண்டு டெஸ்ட்டும் செல்லாது. திரும்ப எடுக்கணும்."

"சனிக்கிழமை கப்பலு?"

"அது பாட்டுக்குப் போயிரும்."

"ஆபரேட்டர் தவறுன்னு எழுதினா?"

"முத்துமாரிக்கு நிரந்தரம் கிடையாது. அவ பேரு அணுமின் நிலையக்காரங்க கறுப்பு லிஸ்ட்ல ஏறிரும். வேற எந்தக் கம்பெனியும் இன்ஜின் டெஸ்ட் பண்ணுத பக்கமே விட மாட்டான்."

"அவளுக்கு நம்ம பம்பு கடைல வேலை போட்டுத் தாரேன். லைனை மாத்தும். வாயையும் மூடும்."

அதுதான் விஷயத்தின் அழகு. லைனை மாற்றினால் இன்ஜின் ஒழுங்காக ஓடும். இன்ஜின் ஒழுங்காக ஓட ஓட, முத்துமாரி எழுதியது பொய்யாகிக்கொண்டே வரும்.

செவ்வாய்க்கிழமை படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முத்துமாரி வந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ. ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"என்னத்த எழுதச் சொல்லிருக்காவன்னு தெரியும் அண்ணாச்சி. உங்களுக்கும் குடும்பம் இருக்கு, எழுதுங்க. நான் கையெழுத்து மட்டும் போட மாட்டேன். எனக்கு ஒண்ணுல இருந்து பத்தொம்பது வரைக்கும் எண்ணத் தெரியும்."

நான் ஒரு ஜோக்கைத் தேடிக்கொண்டே படிவத்தை நேராக்கி வைத்தேன்.

"டீ ஆறுது, குடிச்சிட்டு எழுதுங்க. செந்தூர்வேலு இன்னைக்கு இஞ்சி தட்டிப் போட்டிருக்கான்."

நல்ல சூடு. இருபத்திரண்டு வருஷத்தில் நான் குடிக்காமல் வைத்த முதல் டீ அதுதான். அவள் போன பிறகு எழுதினேன்: ஆபரேட்டர் தவறு. என் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அவள் கையெழுத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

புதன்கிழமை பெவினை வைத்துப் பாய்லரிலிருந்து லைனைப் பிடுங்கி ஹீட்டருக்குக் கொடுத்தேன். இன்ஜின் மெல்லச் சூடேறியது. முருகன் முகத்தில் இருந்த ஒளி அணைந்தது. டீக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அதை மறந்தேனா, மறக்க விட்டேனா என்று இன்று வரை எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை அணுமின் நிலையத்தின் ஆய்வாளர் வந்தார். சிவப்பிரகாஷ் என்று பெயர், சென்னைக்காரர், அதிகம் பேசாதவர். பதினொரு மணிக்கு நல்ல நேரத்தில் தேங்காய் உடைந்தது. பன்னிரண்டு மணிக்கு டெஸ்ட். ஒன்பது விநாடி. அண்ணாச்சி கண்ணை மூடித் திருச்செந்தூர் இருக்கும் திசையில் கும்பிட்டார்.

அண்ணாச்சியின் அறையில் உட்கார்ந்தோம். ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டினார். பதின்மூன்றாம் வரியில் விரல் நின்றது. என் படிவத்தைப் படித்தார்.

"ஆபரேட்டர் கையெழுத்து இல்லையே?"

முத்துமாரி கதவருகே நின்றாள். "நான் எண்ணினது சரிதான் சார். அதான் போடல."

"சின்னப் பிள்ள, பயந்துட்டா சார். இப்ப போட்டுருவா" என்றார் அண்ணாச்சி. "அந்தப் பேனாவை எடுளா. ஏலே செந்தூர்வேலு, சாருக்கு டீ எங்கலே? வந்து ரெண்டு மணி நேரம் ஆவுது, மனுசனுக்கு ஒரு டீ இல்ல!"

செந்தூர்வேல் கதவில் தலையை நீட்டினான். பாவம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பிறவி.

"எப்படிப் போட அண்ணாச்சி? பாய்லருக்குக் கரண்டு இல்லலா. நேத்து நல்லக்கண்ணு அண்ணாச்சி லைனைப் புடுங்கி இன்ஜினுக்குக் குடுத்துட்டாவ. மூணு மாசமா அதுலதான டீ போட்டேன்!"

ஆய்வாளர் தன் பேனாவை மூடினார்.

"எந்த லைன்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒரு ஜோக் போதும், சமாளித்துவிடலாம் என்று சொல்லும் பார்வை. செந்தூர்வேலுக்கு மூளையும் பாய்லர் மாதிரிதான் சார் என்று ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிடும். நான் முத்துமாரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹீட்டர் லைன் சார்" என்றேன். "டீக்காக மாத்தச் சொன்னது நான்தான். பத்தொம்பதுன்னு அந்தப் பிள்ள எழுதினது சரி. இந்தப் பேப்பர்ல இருக்கது பொய். அதுல இருக்க கையெழுத்து என்னோடது."

முத்துமாரி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நீங்களா?" என்றாள். "நான் பெவினைல்லா மூணு நாளா மனசுக்குள்ள ஏசிக்கிட்டு இருந்தேன்!"

"லைன் மாறுனது உனக்குத் தெரியுமா?"

"கேபிளு இருக்குத எடம் எனக்குத் தெரியாதா? திங்கக்கிழமையே போய்ப் பார்த்துட்டேன். உள்ளதை நீங்க எழுதுவீங்கன்னு இருந்தேன்."

சிவப்பிரகாஷ் எழுந்து இன்ஜினைச் சுற்றி வந்தார். முருகன் படத்தைத் தூக்கிப் பார்த்து, பக்குவமாக எடுத்து அண்ணாச்சியின் கையில் கொடுத்தார். பன்னிரண்டு டெஸ்ட்டும் ரத்து, முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். அன்றைய டெஸ்ட்டும் பூஜை போட்டு ஓடவிட்ட இன்ஜினில் எடுத்தது என்பதால் அதுவும் ரத்து. பிறகு சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றினார்.

"ராகு காலம், எமகண்டம். எல்லா டெஸ்ட்டும் இந்த நேரத்தில்தான். அன்றைக்கு அதுதான் முதல் ஸ்டார்ட்."

"சார்!" என்று அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்தார். "ஏன் சார்?"

"அந்த நேரத்தில்தான் இங்கே இன்ஜினை யாரும் முன்கூட்டித் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அங்கே கரண்ட் போகும்போது யாரும் காலண்டர் பார்க்கப் போவதில்லை."

சனிக்கிழமை கப்பல் எங்கள் ஜெனரேட்டர் இல்லாமல் சங்கு ஊதிவிட்டுப் போனது. ஒரு மாதம் முழுக்க ராகு காலத்தில் ஸ்டார்ட் செய்தோம். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒன்பதரை, ஒன்பது எட்டு, ஒன்பது மூன்று. கடைசி டெஸ்ட் முடிந்ததும் உள்ளே வந்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ராகுவும் பரவாயில்ல போலிருக்கு" என்றார்.

முத்துமாரிக்கு நிரந்தர ஆர்டர் கிடைத்தது. கிடைக்காமல் எப்படி? திரும்ப எடுத்த டெஸ்ட் எல்லாவற்றுக்கும் வாட்ச் பிடிக்க அவளைத் தவிர வேறு யாரையும் நம்ப மாட்டேன் என்று சிவப்பிரகாஷ் எழுதிக் கொடுத்துவிட்டார்.

என்னை அண்ணாச்சி வேலையை விட்டு அனுப்பவில்லை. கேன்டீன் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார். "டீக்காகத்தான கெட்டீரு, டீயோடயே கிடயும்" என்றார். பாய்லருக்குத் தனி லைன் போட்டாயிற்று. நானே நின்று போட வைத்தேன். கேபிளில் 'டீ மட்டும்' என்று ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன்.

முதல் நாள் காலை பதினொரு மணி டீயைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு இன்ஜின் டெஸ்ட் நடக்கும் இடத்துக்குப் போனேன். முத்துமாரி வாசலிலேயே வாட்சும் கையுமாக நின்றிருந்தாள்.

"பத்தொம்பது நிமிசம் லேட்டு அண்ணாச்சி. எழுதிரவா?"

"எழுது" என்றேன். "கையெழுத்து நான் போடுதேன்."